ஒயுந்தாரியின் ஆடுகள்

"மார்ச் மாசத்துல யாராவது ஆட்டுக்கு ரோமம் சீவுவாங்களாம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான் ஒருவன். புயலுக்குப் பிறகு, செத்த கால்நடைகளைப் பார்வையிட ஊரூராக ஜீப்பில் வந்துகொண்டிருந்தார்களே, அதில் ஒருவன். சேறு படாத பூட்ஸ். கன்னம் கூட வெயில் படாத கன்னம். நானோ முழங்கை வரை ரத்தத்தோடு, தோலுரிக்கிற கத்தியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"அதை ஆட்டைப் போய்க் கேளு. அதுதான் முதல்ல உதிர்த்துச்சு" என்றேன்.

என் வீட்டுக்காரர் லொடோய் பின்னாலிருந்து என் அங்கியைப் பிடித்து இழுத்தார். வந்த பையன் பாவம், முகம் சுருங்கிவிட்டது. அவனைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் அந்தக் கேள்வியை அன்றைக்கு யார் கேட்டிருந்தாலும் கடித்துத்தான் வைத்திருப்பேன். சொந்தக்காரர்கள் கேட்டார்கள், கிணற்றடியில் கேட்டார்கள், ரேடியோவில் ஒருத்தர் பேசினார். ஏன் அவசரப்பட்டீர்கள், ஏன் பொறுக்கவில்லை. நாங்கள் என்னவோ கோபிப் பாலைவனத்தில் நேற்றுத்தான் குடியேறினவர்கள் மாதிரி!

அந்த வருஷம் புது வருஷத்துக்குக் கொண்டாடுகிற வெள்ளை மாதப் பண்டிகை முடிந்த கையோடு வெயில் வந்துவிட்டது. மலைச்சரிவில் பனியே இல்லை. கிணற்றில் ஐஸ் உடைக்கிற கடப்பாரையைத் தூக்கிப் பட்டிச் சுவரோரம் சாத்திவிட்டோம். ஈ வந்துவிட்டது ஐயா, ஈ! பால் பாத்திரத்தின் மேல் ஈ உட்கார்ந்ததைப் பார்த்து நான் லொடோயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குல்லாய் இல்லாமல் வெளியே நின்று, வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். சொல்லும்போதே அவருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

ஆடுகள் முள்செடியில் உரசத் தொடங்கின. குளிருக்காக உள்ளே வளர்கிற மெல்லிய ரோமம் இருக்கிறதே, குளிர் போய்விட்டது என்று ஆட்டின் உடம்புக்குத் தெரிந்தால்தான் அது கழன்று வரும். எப்போதும் ஏப்ரலில்தான் கழலும். அந்த வருஷம் ஒவ்வொரு முள்ளிலும் பஞ்சு பஞ்சாகத் தொங்கியது. அதை நாம் எடுக்காவிட்டால் காற்று எடுத்துக்கொண்டு போய்விடும். ஆட்டுக்கே தெரியாத புயல் எங்களுக்கு எப்படித் தெரியும்? பார்வைக்கு எட்டின அநேகமாக எல்லாக் குடும்பமும் சீப்பை வெளியே எடுத்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கொம்போ வந்து சேர்ந்தான். என் கொழுந்தன். நான் கல்யாணமாகி இந்தக் கூடாரத்துக்கு வந்தபோது மூக்கொழுகிக்கொண்டு என் பின்னாலேயே திரிந்தவன். தலைநகரத்திலிருந்து லாரியில் தொற்றிக்கொண்டு வந்து, புழுதியோடு குதித்து இறங்கினான்.

"என்னடா, நகரத்துக் கரியெல்லாம் மூஞ்சியிலே பூசிக்கிட்டு வந்திருக்கே?"

"குளிச்சிட்டுத்தான் அண்ணி கிளம்பினேன்."

"அப்போ உள்ளேயிருந்து வர்ற கரி. நல்லாச் சாப்பிடுறேபோல."

சிரித்தான். சிரிப்பு அப்படியே இருமலாக மாறி, தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இருமினான். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவனுக்கும் மந்தை இருந்தது. குளிர்காலத்தில் மழை பெய்து, பனி மேல் அது கண்ணாடியாக உறைந்து, கீழே இருக்கிற புல்லை எந்த வாயும் எட்டமுடியாமல் செய்துவிட்டது. ஜூட் என்போம். ஜூட் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஒரு ஆடும் மிஞ்சாமல் பெண்டாட்டி பிள்ளையோடு தலைநகரத்துக்குப் போனான். மலைச்சரிவில் ஆயிரக்கணக்கில் கூடாரம் போட்டிருக்கிறார்களே, அங்கே ஒரு மூலையில் அவனும் போட்டான். மார்க்கெட்டில் காவல் வேலை. குளிர்காலம் முழுக்க எல்லாக் கூடாரமும் நிலக்கரி எரிக்கும். எதிரே வருகிற ஆளின் முகம் தெரியாதாம். அவன் மகள் ஒயுந்தாரிக்கு அந்தப் புகை ஒத்துக்கொள்ளவில்லை. பாதிக் குளிர்காலம் பள்ளிக்கூடம், பாதிக் குளிர்காலம் ஆஸ்பத்திரி. போன தடவை டாக்டர் அவன் பெண்டாட்டியிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: இந்தப் பிள்ளை இன்னொரு குளிர்காலம் இங்கே இருக்கக் கூடாது.

ஒயுந்தாரிக்கு ஆடு இருந்தது. அவளுடையது, சொந்தமாக. நாலு வயதில் அவளுக்கு முதல் முடி வெட்டினோம். உறவுக்காரர்கள் வட்டமாக உட்கார, குழந்தை ஒவ்வொருவரிடமும் போகும். ஆளுக்கொரு பிடி முடி வெட்டுவோம், வெட்டினவர்கள் கையால் குழந்தைக்கு ஒரு ஆட்டையாவது கொடுக்கவேண்டும். லொடோய் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்தார், எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாமன்கள் கொடுத்தார்கள். எல்லாம் எங்கள் மந்தையிலேயே, காதில் அவளுக்கென்று தனி வெட்டோடு வளர்ந்தன, பெருகின. ஜூட்டில் கொம்போவின் மந்தை போனது, எங்கள் பக்கம் அது அவ்வளவாகத் தாக்கவில்லை, எங்களிடம் இருந்ததால் பிள்ளையின் ஆடுகள் தப்பின. ஒரு குடும்பம் புதிதாகத் தொடங்கப் போதுமான மந்தை அது. கோடையில் கொம்போ திரும்பி வந்து, அந்த ஆடுகளை வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் கூடாரம் போடுவான், பிள்ளை அடுத்த குளிர்காலத்தில் இங்கே மூச்சு விடுவாள். இதுதான் திட்டம். வேறே திட்டம் யாரிடமும் இல்லை.

எங்கள் இடத்தில் பின்னால் இருக்கிற மேட்டில் ஏறினால்தான் போன் எடுக்கும். கொம்போ வந்த அன்றைக்கே மூன்று பேரும் ஏறினோம். போனில் ஒயுந்தாரியின் முகம் பெரிதாக வந்தது, முன்பல் இரண்டும் இல்லை.

"பெரியம்மா, என் வெள்ளைக்காதி எங்கே? காட்டுங்க."

"மேய்ச்சலுக்குப் போயிருக்குடி. உன்னை மாதிரி படுக்கையிலேயே கிடக்குமா?"

"நான் ஒண்ணும் படுத்துக் கிடக்கல. அது குட்டி போட்டுச்சா?"

"இன்னும் ரெண்டு மூணு வாரம் ஆகும்."

"போட்டதும் கூப்பிடுங்க. தூங்கிட்டு இருந்தாலும் எழுப்புங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல். அவள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

இறங்கி வரும்போது கொம்போ சொன்னான்: "அண்ணே, பாப்பாவோட ஆட்டை நானே சீவறேன். அந்த ரோமத்தை வித்துத்தான் புதுக் கூடாரத்துக்கு மரச்சட்டமும் கம்பளியும் வாங்கணும். என் லீவு முடியறதுக்குள்ள முடிச்சுடறேன்."

எங்கள் வழக்கம் அப்படி இல்லை. முதலில் கிடாக்கள், அப்புறம் மலட்டாடுகள். சினை ஆடுகளைத் தொடவே மாட்டோம், குட்டி போட்டு உடம்பு தேறின பிறகுதான். அதுவும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சீவமாட்டோம். கொஞ்சம் சீவுவது, வானத்தைப் பார்ப்பது, மறுபடி கொஞ்சம். பிள்ளையின் ஆடுகளில் பாதிக்கு மேல் சினை.

"சினையை எப்படிடா படுக்கப்போட்டுக் காலைக் கட்டறது?"

"படுக்கவே போடல. நிக்கவெச்சே சீவறேன். அண்ணி கொம்பைப் பிடிச்சுக்கட்டும். பாருண்ணே, முள்ளுல எல்லாம் போகுது. எம்பொண்ணோட கூடாரம் காத்துல பறக்குது."

அவன் சொன்னது உண்மைதான். லொடோய் வானத்தைப் பார்த்தார். துடைத்துவைத்த கிண்ணம் மாதிரி இருந்தது வானம். "சரி, பாப்பாவோடதை முதல்ல முடி. நம்மளோடது அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார்.

நான் கொம்பைப் பிடித்தேன். கொம்போ வளைந்த பல் சீப்பால் கழுத்திலிருந்து விலாவுக்கு மெதுவாக இழுப்பான். மார்க்கெட் வாசலில் நின்று நின்று கை மரத்திருக்கும் என்று நினைத்தேன், ஒன்றும் மறக்கவில்லை அவனுக்கு. ஒவ்வொரு ஆட்டிடமும் பேசிக்கொண்டே சீவினான். "நீ மாமன் கொடுத்தவதானே? உன் ஆத்தா கஞ்சப்பயலோட ஆடு, ஆனா நீ தாராளமாக் கொடுக்கறே." நான் சிரித்துக் கொம்பை விட்டுவிடுவேன். வெள்ளைக்காதியைக் கடைசியாக வைத்துக்கொண்டான். அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டான். "உதைக்குது அண்ணி" என்றான். சாம்பல் நிற ரோமம் சாக்கு சாக்காக நிறைந்தது. அவன் முகத்தில் கரி போய், பழைய கொம்போ தெரிந்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போயிற்று, பொய் சொல்லவில்லை.

அவன் கிளம்புவதற்கு முந்தின நாள் அது. அன்றைக்குக் காலையில் போனில் எச்சரிக்கை வந்தது என்று அப்புறம் சொன்னார்கள். வந்திருக்கலாம். மேட்டில் ஏறினால்தானே தெரியும்? லொடோய் சட்டையோடு மந்தையை ஓட்டிக்கொண்டு தெற்கே போனார், மெல்லிய அங்கியைச் சேணத்தில் சுருட்டிக் கட்டியிருந்தார். மதியம் கூடாரத்துக் கம்பளியை வெயிலில் உதறிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு சொட்டு விழுந்தது.

மழை. மார்ச்சில் மழை. பனி விழுந்தால்கூட ஆடு உதறிவிடும், மழையை எப்படி உதறும்? அது தோல்வரை போகும். நான் கம்பளியைப் போட்டது போட்டபடி நின்றேன். கொம்போ கூடாரத்துக்குள்ளிருந்து வெளியே வந்து முகத்தைத் தூக்கி மழையில் நின்றான். அவன் உதடு வெளுத்துப்போனது. நேரே குதிரையிடம் போனான்.

"அங்கியைப் போடுடா பாவி!" என்று ஓடிப்போய் லொடோயின் குளிர்கால ஆட்டுத்தோல் அங்கியை அவன் மேல் எறிந்தேன். என் தலைத்துண்டை அவிழ்த்து அவன் கழுத்தைச் சுற்றிக் கட்டினேன். அவன் மேட்டைத் தாண்டுவதற்குள் காற்று வடக்கிலிருந்து அடிக்கத் திரும்பிவிட்டது. அது திரும்புகிற சத்தம் எனக்குக் காதில் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மழை பனியானது, பனி பக்கவாட்டில் பறந்தது, பட்டிச் சுவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆடு காற்றை எதிர்த்து நடக்காது. அடிக்கிற பக்கமே ஓடும், எங்கேயாவது போய் விழும்வரை ஓடும். மேய்ப்பவனும் பின்னாலேயே ஓடுவான். அப்படி ஓடினவர்களை எனக்குத் தெரியும், வெயில் வந்த பிறகு கண்டெடுத்தோம். நான் அடுப்பில் வறட்டியைத் திணித்துக்கொண்டு, வாசலில் இரும்புச் சட்டியைக் கரண்டியால் அடித்துக்கொண்டே இருந்தேன், சத்தம் கேட்டாவது வழி தெரியட்டும் என்று. தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திட்டவும் செய்தேன்.

முதலில் லொடோய்தான் வந்தார். குதிரையின் குறுக்கே இரண்டு ஆடு, மடியில் ஒன்று. இமையில் பனிக்கட்டி. "காஞ்ச ஓடையில மறைவாத் திருப்பிட்டோம். செம்மறி எல்லாம் நிக்குது, நம்ம ஆடும் நிக்குது" என்றார். மடியிலிருந்த ஆட்டை என் கையில் கொடுத்தார். "பாப்பாவோடது படுத்துடுச்சு."

இருவரும் போய்ப் போய்த் திரும்பினார்கள். முடிந்தவரை தூக்கிவந்தார்கள். நான் கூடாரத்துக்குள் கட்டிலை ஒதுக்கி, பெட்டியை ஒதுக்கி, ஆடுகளை அடுப்பைச் சுற்றிக் கிடத்தினேன். சாக்கால் தேய்த்தேன், என் பாவாடையால் தேய்த்தேன். தோல் வழவழவென்று நனைந்து, அதற்கடியில் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. நடுங்குவது நல்லது. நடுக்கம் நின்றால்தான் பயம். ஒவ்வொன்றாக நடுக்கம் நிற்கத் தொடங்கியது.

கடைசியாகக் கொம்போ வெள்ளைக்காதியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தான். அதற்கு ஆட்டுத்தோல் அங்கியைச் சுற்றியிருந்தான், அவன் மேலே வெறும் சட்டை. நான் அவனை அறையலாம் போல இருந்தது. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. சுற்றிப் பார்த்தான். கூடாரத்தின் வடக்கு ஓரத்தில் ரோமச் சாக்குகள் அடுக்கியிருந்தன, காய்ந்து, உப்பி, வெதுவெதுவென்று. கத்தியை உருவி முதல் சாக்கைக் கிழித்தான்.

"டேய்! கூடாரத்துக்கான ரோமம்டா!" என்று கத்தினேன். வாய்ப் பழக்கம்.

"அதுங்களோடதுதானே அண்ணி" என்றான்.

அள்ளி அள்ளி ஆடுகளின் விலாவில் வைத்து அழுத்தினான். நிற்கவில்லை, வழுக்கி விழுந்தது. அதற்கப்புறம் நான் யோசிக்கவில்லை. நானும் அள்ளினேன். லொடோய் கயிறு வெட்டிக் கொடுத்தார். பழைய அங்கி, போர்வை, தலைத்துண்டு, பண்டிகைக்குக் கட்டுகிற பட்டு இடைக்கச்சை, எது கிடைத்ததோ அதை வைத்து ரோமத்தோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினோம். எந்த ரோமத்தை எந்த ஆட்டிடமிருந்து எடுத்தோமோ, யாருக்குத் தெரியும். ரோமம் ஈரத்தை உறிஞ்சித் திரிதிரியாகச் சுருண்டது. எல்லாச் சாக்கும் காலியானது. அடுப்பு செக்கச்செவேலென்று எரிந்தது, எங்களுக்கு வேர்த்தது. அவற்றுக்கு உள்ளே குளிர் புகுந்துவிட்டிருந்தது.

விடிந்தபோது எதுவும் நடுங்கவில்லை. வெள்ளைக்காதியின் தலை கொம்போவின் தொடைமேல் இருந்தது. அவன் கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

வெளியே வந்தால், ஓடையில் எங்கள் ஆடுகள் நிற்கின்றன. சீவாத ஆடுகள். முதுகில் பனியோடு, அசைபோட்டுக்கொண்டு. பிள்ளையின் காது வெட்டு இருந்த ஒன்றுகூட நிற்கவில்லை. இதை எப்படிச் சொல்வேன்! ஆசை ஆசையாக, பெற்ற அப்பன் கையால், முதலில் சீவினானே, அதுதான் அவற்றைக் கொன்றது. பக்கத்துக் கூடாரத்தில் சோம்பேறித்தனமாகச் சீவாமல் விட்டவன் மந்தை முழுசாக இருந்தது. எனக்கு அவன் மேல்கூடப் பொறாமையாக இருந்தது, சொல்ல வெட்கமில்லை.

தோலுரிக்கவேண்டியிருந்தது. சினை ஆடுகளை நான் உரித்தேன், ஆண்கள் இருவரையும் கிட்டே வரவேண்டாம் என்று விரட்டிவிட்டேன். உள்ளே இருந்த குட்டிகளுக்கு எல்லாம் வந்துவிட்டிருந்தது, குளம்பு, இமை, மெல்லிய சுருட்டை மயிர். அப்போதுதான் அந்த ஜீப்பு வந்து, அந்தப் பையன் இறங்கி, அந்தக் கேள்வியைக் கேட்டான்.

ஜீப்பு போன பிறகு லொடோய் காது வெட்டுகிற சின்னக் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன பண்றீங்க?"

"நம்ம ஆட்டுல பாதிக்குப் பாப்பா வெட்டு போட்டுடறேன்."

கொடுக்க மனசில்லாமல் இல்லை. எங்கள் மந்தையே அந்தக் குளிர்காலத்தில் இளைத்துப்போன மந்தை. பாதி எடுத்தால் எங்களுக்கும் பத்தாது, அவர்களுக்கும் பத்தாது. ஒரே வருஷத்தில் இரண்டு குடும்பமும் லாரி ஏறவேண்டியதுதான். இது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் தீட்டிக்கொண்டிருந்தார். "சரி, வெட்டுங்க" என்றேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

கொம்போ வந்து கத்தியை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினான்.

"வேண்டாம்ணே. முன்னெல்லாம் ஒரு ஜூட் போனா, அடுத்தது வர்றதுக்குள்ள பிள்ளைங்க வளந்து நிக்கும். இப்போ அப்படியா வருது? நீயும் தலைநகரத்துக்கு வந்துட்டேன்னா, அப்புறம் எம்பொண்ணு யாரைப் பாக்க இங்க வருவா?"

"ஆட்டை விடுடா. பிள்ளையை அனுப்பு" என்றேன் நான். "ஆடும் வேண்டாம், கூடாரமும் வேண்டாம். அவ மட்டும் வரட்டும். என்கிட்ட இருக்கட்டும். நான் பெத்தவ மாதிரி பாத்துக்க மாட்டேனா? குளிர்காலம் பூரா இங்க நல்ல காத்தைக் குடிக்கட்டும்."

கொம்போ என்னைப் பார்த்தான். அவன் கண் நிறைந்துவிட்டது. இது முன்னாலேயே ஏன் எங்களுக்குத் தோன்றவில்லை? நான் அப்போதே மனசுக்குள் கட்டிலை எங்கே போடுவது என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

"அவகிட்டயே சொல்லுங்க அண்ணி. அவளும் வரணும்ல" என்றான்.

மேட்டில் ஏறினோம். கொம்போ மகளிடம் பொய் சொல்லவில்லை. "பாப்பா, மழை பெஞ்சு பனி வந்துச்சு. ஆடெல்லாம் செத்துப்போச்சும்மா. வெள்ளைக்காதியும்தான்." போனில் அந்த முகம் அப்படியே நின்றது. அழவில்லை. "ரோமத்தைத் திருப்பி வெச்சிருக்கலாமே அப்பா" என்றாள்.

"வெச்சோம்மா. நிக்கல."

நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன். "ஏண்டி கண்ணு, நீ பெரியம்மாகிட்ட வந்துடறியா? அப்பா இப்பவே போய் உன்னைக் கூட்டிட்டு வந்து விடுவான். நீயும் நானும் இருப்போம். இங்க உனக்கு இருமலே வராது."

"வேண்டாம் பெரியம்மா."

"ஏன்?"

"அங்க குளிர்ல செத்துடுவாங்க." கொஞ்ச நேரம் இருமினாள். இருமி முடித்துவிட்டு, ஏதோ ரகசியம் சொல்கிற மாதிரி போனுக்கு ரொம்பக் கிட்டே வந்தாள். "நீங்களும் பெரியப்பாவும் இங்க வந்துடுங்க. நான் அம்மாகிட்ட சொல்றேன். எங்க வீட்டுல குளிரவே குளிராது. அம்மா நாள் பூரா கரி போட்டுக்கிட்டே இருப்பாங்க."

ஏதாவது சொல்லவேண்டுமே, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாளே. "வர்றோம்டி தங்கம். நீ முதல்ல கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்லு. நல்ல காத்து வரட்டும்" என்றேன்.

"திறந்தா காத்து வராது பெரியம்மா, புகைதான் வரும்" என்றாள்.